பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டால்: தோட்டப்புறத்தில் யாரிடம் போவது, என்ன கேட்பது

தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வந்து டவுன் ஓரத் தாமான் குடியிருப்புகளில் குடியேறியவர்கள் மத்தியிலும், பிள்ளைகளுக்காக ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். டியூஷன் சொல்லிக்கொடுப்பவர், கோயில் கமிட்டிக்காரர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர், பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையின் சித்தப்பா, யாராக இருந்தாலும் சரி. நான் மலேசியாவின் பெராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இருப்பதால் இங்கே உள்ள அலுவலகங்களை வைத்துச் சொல்கிறேன், மற்ற ஊர்க்காரர்கள் மாவட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், நடைமுறை ஒன்றுதான்.

உதவிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இலாகாவில், ஒவ்வொரு பாரத்தில் (விண்ணப்பப் படிவத்தில்), எல்லாம் மலாயில், எல்லாம் வேலை நேரத்தில். விடியற்காலையில் வேலைக்குப் போய் ஒருநாள் லீவு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருக்கும் ஓர் அம்மா, இத்தனை படியையும் தனியாக ஏறி இறங்க முடியாது. கூட ஒருவர் போனால் காரியம் நடக்கிறது, "அங்க போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் இந்தக் குறிப்பில் எங்கெல்லாம் "போங்கள்" என்று இருக்கிறதோ அங்கெல்லாம் "கூட்டிக்கொண்டு போங்கள்" என்றே படித்துக்கொள்ளுங்கள்.

எப்போது தலையிடுவது

பையன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு வருவதில்லை, மூத்த பெண் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருக்கிறாள், பசியோடு வகுப்புக்கு வருகிறார்கள், கையில் புதுசாகப் பணமோ போனோ இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். இதில் ஏதாவது ஒன்று தொடர்ந்து தெரிந்தாலே போய்ப் பார்க்கலாம். குறிப்பாக ஆண்டு 6 முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற காலத்தைக் கவனியுங்கள். தமிழ்ப்பள்ளியில் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த பிள்ளையாக இருந்தவன், தேசிய மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டும், தெரியாத பெரிய பள்ளி, புதிய பாஷை, பஸ் செலவு. அந்த முதல் ஆண்டில் நழுவுகிறவர்களைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் படிவம் ஐந்து வரை கொண்டுபோய்விடலாம் என்பது என் கருத்து.

முதல் பேச்சில் குறை சொல்லாதீர்கள், ஆலோசனையும் சொல்லாதீர்கள். "அக்கா, தம்பி ரெண்டு வாரமா டியூஷனுக்கு வரலியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஆரம்பித்தால் போதும். அப்பா குடிக்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும் நீங்கள் அதை முதலில் எடுக்க வேண்டாம், அந்த அம்மாவே சொல்லட்டும். சொன்னதை வெளியில் சொல்லாதீர்கள். லயத்தில் ஒரு வீட்டில் பேசியது மறுநாள் கோயில் வாசலில் திரும்பி வந்தால், அப்புறம் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

முதலில் பத்திரங்கள்

உதவித்தொகையோ, பள்ளியோ, மருத்துவமோ, எல்லாமே கடைசியில் பிறப்புப் பத்திரத்தில் வந்து முட்டும். அதனால் முதல் வேலையாக வீட்டில் எல்லாருடைய பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பெற்றோரின் திருமணப் பத்திரம் மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு மூன்று பிரதி எடுத்து ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போடுங்கள். அசல் அந்த வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கவனமாகப் பார்க்க வேண்டியவை சில. பிள்ளைக்கு 12 வயது ஆகியும் மைகார்டு என்கிற அடையாள அட்டை எடுக்கவில்லையா, எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையில் முகவரி இன்னும் பழைய தோட்டத்து முகவரியா? இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் சமூக நல இலாகாவின் கடிதம் மூடிப்போன தோட்டத்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கும், அல்லது விண்ணப்பமே வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் மற்ற பாரங்களைத் தொடுங்கள்.

பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளை இருந்தால், பிரசவம் நடந்த மருத்துவமனையின் உறுதிக் கடிதம், அம்மாவின் கர்ப்பகால கிளினிக் புத்தகம், பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். வீட்டிலேயே பிறந்திருந்தால், பிரசவம் பார்த்தவரோ உடன் இருந்தவரோ சாட்சியாகத் தேவைப்படுவார். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

திருமணப் பதிவு விஷயம் நம்மவர்களிடம் இன்னும் பெரிய குறையாக இருக்கிறது. 1976ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. அம்மா மலேசியர் என்றால் பதிவு இல்லாவிட்டாலும் இங்கே பிறந்த பிள்ளை அம்மா வழியாகக் குடியுரிமை பெறும், அப்பா பெயரைச் சேர்க்க இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். அம்மா வெளிநாட்டுக்காரராக இருந்து திருமணம் பதியப்படாமல் இருந்தால்தான் ஆபத்து. பிள்ளை அம்மாவின் நிலையையே தொடரும், பத்திரத்தில் "புக்கான் வார்கானெகாரா", அதாவது குடிமகன் அல்ல என்று வந்துவிடும். பெற்றோர் பிற்பாடு பதிந்துகொண்டாலும் அது தானாக மாறாது. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு வயது வரம்பும் உண்டு, பதில் வரவும் காலம் பிடிக்கும். இந்த மாதிரி கேஸ்களில் நீங்களாகவே பாரத்தை நிரப்பாதீர்கள். டிரா மலேசியா என்கிற அமைப்பு தோட்டப்புறத்து இந்தியர்களின் குடியுரிமைப் பிரச்சினைகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறது, அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

பத்திரம் கைக்கு வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்க வேண்டுமா? வேண்டாம். பெற்றோரில் ஒருவர் மலேசியக் குடிமக்களாக இருந்தால், ஆவணங்கள் முழுமையாக இல்லாவிட்டாலும் அரசாங்கப் பள்ளியில் சேர்க்கக் கல்வி அமைச்சு வழி வைத்திருக்கிறது. மாவட்டக் கல்வி இலாகா மூலமாகப் போக வேண்டும், சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் மாவட்டம். பத்திரத்துக்கு விண்ணப்பித்த ரசீது கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

பணம்: எங்கே எதைக் கேட்பது

அப்பா இறந்துவிட்ட வீடு என்றால், சமூக நல இலாகாவுக்கு முன்னால் சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தைக் கேளுங்கள். அவர் தோட்டத்திலோ ஆலையிலோ வேலை செய்து சந்தா கட்டியிருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாரிசு ஓய்வூதியம் வரக்கூடும், தகுதி இருந்தால் பிள்ளைகளுக்கு 21 வயது வரை கிடைக்கும். அது உதவி அல்ல, அவர் கட்டிய பணத்தால் வந்த உரிமை. இதைக் கேட்காமலேயே வருடக்கணக்காக வீட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள், அதை நினைத்தால் மனசு தாங்காது. இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதிக் கணக்கையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இங்கேயும் திருமணப் பதிவைக் கேட்பார்கள்.

அடுத்து சமூக நல இலாகா. பேச்சில் வெல்ஃபேர் என்போமே, அதுதான். பிள்ளைகள் இருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு மாதாந்தர உதவி "பந்துவான் கானாக்-கானாக்". ஆறு வயது வரை ஒரு தொகை, ஏழிலிருந்து பதினெட்டு வரை வேறு தொகை, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. பாரத்தின் பெயர் ஜேகேஎம் 18. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், தண்ணீர் மின்சார பில், விவாகரத்து அல்லது மரணப் பத்திரம் இருந்தால் அதுவும். சம்பளச் சீட்டே கொடுக்காத இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருமான உறுதிக் கடிதம் கேட்பார்கள், யார் கையெழுத்து செல்லும் என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முறை லீவு எடுக்க வேண்டிவரும்.

விண்ணப்பித்த பிறகு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: உள்ளதை உள்ளபடி சொல்லட்டும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கணவர் எப்போது போனார், எவ்வளவு கடன், எல்லாம். மலாய் சரளமாக வராது என்றால் நீங்கள் கூட இருந்து மொழிபெயருங்கள். அவர் சொல்லாததை நீங்கள் சேர்த்துச் சொல்லாதீர்கள், கணக்கு இடித்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

பள்ளிக்குள்ளேயே கிடைப்பவற்றைப் பலர் கேட்பதில்லை. ஏழை மாணவர் அறநிதியான கேடபிள்யூஏபிஎம், ஆரம்பப்பள்ளிகளில் ஆர்எம்டி என்கிற உணவுத் திட்டம், பாடநூல் இரவல். தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தால் மறந்துபோகலாம். சின்னப் பிள்ளைகளின் பாலர்பள்ளிக் கட்டணத்துக்கு இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா மூலம், பி40 எனப்படும் குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களுக்கு மானியம் தரும் திட்டம் நடந்துவந்திருக்கிறது, விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் இ-காசே என்கிற ஏழைக் குடும்பங்களின் அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிவதையும் விட்டுவிடாதீர்கள்.

படிப்பு ஏறாத பிள்ளை

மூன்றாம் ஆண்டிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறினால் "சோம்பேறி" என்று முடிவு கட்டாதீர்கள். பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். அப்புறமும் முன்னேற்றம் இல்லையென்றால் கண், காது இரண்டையும் அரசாங்க கிளினிக்கில் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாடு பற்றி மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்தினால் சமூக நல இலாகாவில் ஓகேயு என்கிற மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியலாம், சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள பள்ளிக்கு மாற்றலாம், அங்கே படிக்கும் மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸும் உண்டு. பள்ளிக்கே போக முடியாத அளவு சிரமம் உள்ள பிள்ளைக்குப் பிடிகே என்கிற சமூக மறுவாழ்வு மையம் இருக்கிறது. அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும், நாளைக்குக் கல்யாணம் ஆகாது என்று பாட்டிமார் தடுப்பார்கள். அவர்களோடு பொறுமையாக உட்கார்ந்து பேசுங்கள், அட்டை எடுப்பது கட்டாயம் இல்லை, தேவையில்லாதபோது திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே நின்றுவிட்டவனை மறுபடி சேர்க்க, பழைய பள்ளியில் ஆரம்பித்து அங்கே முடியாவிட்டால் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், பயந்துபோய் வீட்டையே மாற்றிவிடுவார்கள். வயது தாண்டிவிட்டது, வகுப்பில் உட்கார மனசில்லை என்றால் கியாட்மாரா என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சி மையங்கள், இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்கள், ஷா ஆலாமில் வசதியற்ற இளைஞர்களுக்காகவே நடக்கும் மொன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் போன்றவற்றைப் பாருங்கள். பையனையும் அழைத்துப்போய் பட்டறையைக் காட்டுங்கள், வெல்டிங்கோ மோட்டாரோ எது என்று அவனே சொல்லட்டும்.

அடி, பாலியல் தொல்லை, உயிருக்கு ஆபத்து

இதில் காத்திருக்காதீர்கள். தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், வாட்ஸ்அப் 019-2615999. உடனடி ஆபத்து என்றால் 999. பிள்ளைக்குக் காயம் இருந்தால் நேராக அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், பெரிய மருத்துவமனைகளில் ஓஎஸ்சிசி என்ற தனிப் பிரிவில் மருத்துவர், போலீஸ், சமூக நல அதிகாரி மூவரையும் ஒரே இடத்தில் வரவழைப்பார்கள். இங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைதான் பெரியது.

பாலியல் தொல்லை என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள், "எப்படி நடந்தது, மறுபடி சொல்லு" என்று ஆளாளுக்குக் கேட்காதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் கேட்பார்கள். 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து சமாதானம் பேசி முடிக்கிற விஷயம் இது இல்லை. குடும்ப மானம் என்று மூடிவைத்தால் அதன் விலையை அந்தப் பிள்ளைதான் வாழ்நாள் முழுக்கக் கட்டுகிறது. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவரின் பெயர் வெளிவராமல் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் பாதுகாக்கிறது, அந்தப் பயத்தால் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. இந்த மாதிரி விவகாரத்தில் பிள்ளையின் படம், பெயர், பள்ளி, அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது, மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. டிக்டாக், ஃபேஸ்புக், கோயில் வாட்ஸ்அப் குழு, எதிலும் போடாதீர்கள். நியாயம் கேட்கிறோம் என்று நல்ல மனசோடு போடுகிறார்கள், பிள்ளைக்கு அது ஆயுள் தண்டனையாகிவிடும்.

அம்மாவும் அடிவாங்குகிறார் என்றால் இபிஓ என்ற அவசரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது. சமூக நல அதிகாரியே கொடுக்கலாம், போலீஸ் புகார் முதலில் வேண்டியதில்லை, ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளுக்குள் அடுத்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். ஈப்போவில் பெண்களுக்காகப் பணிபுரியும் பெராக் விமன் ஃபார் விமன் அமைப்பும், நாடு முழுக்க டபிள்யூஏஓ என்கிற பெண்கள் உதவி அமைப்பும் ஆலோசனை தருவார்கள். மன உளைச்சலுக்கு ஹீல் 15555 என்ற எண் இருக்கிறது.

"வெல்ஃபேர்காரங்க பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவாங்க"

எல்லா வீட்டிலும் இந்தப் பயம் உண்டு, அதனால் தெளிவாகவே சொல்கிறேன். உதவித்தொகை கேட்டதற்காகப் பிள்ளையை எடுத்துப்போக மாட்டார்கள். ஏழ்மை வேறு, வதை வேறு. பாதுகாப்பில்லை என்று கருதிப் பிள்ளையை எடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், முடிவு நீதிமன்றத்துடையது. பெற்றோரிடமே உறுதிப்பத்திரத்தோடு திருப்பி அனுப்பலாம், தகுந்த உறவினரிடம் ஒப்படைக்கலாம், வளர்ப்புப் பெற்றோரிடமோ காப்பகத்திலோ விடலாம். இங்கேதான் நீங்கள் உதவ முடியும்: அத்தை, பெரியம்மா, தாத்தா என்று பொறுப்பேற்கத் தயாராக உள்ள சொந்தம் யாராவது இருந்தால் அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள், அவர்களையும் அழைத்துப்போங்கள். நீதிமன்றத் தேதியில் யாரும் வராவிட்டால் காப்பகம்தான் வழி என்று ஆகிவிடும்.

சொந்தக்காரர் வளர்க்கிறார், பேப்பர் ஒன்றும் இல்லை என்ற நிலையும் நம்மிடம் சகஜம். அக்கா பிள்ளையை வாங்கி வளர்ப்பவர், பத்திரப்படி யாருமில்லாதவராக இருப்பார், பள்ளியில் கையெழுத்துப் போட முடியாது. பாதுகாவலர் உரிமை அல்லது தத்துப் பதிவு பற்றி சட்ட உதவி இலாகாவில் கேளுங்கள், வருமானம் குறைவானவர்களுக்குக் குடும்ப வழக்குகளைப் பார்த்துத் தருகிறார்கள்.

தனியார் இல்லத்தில் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம், எவ்வளவு பக்தியாகப் பேசினாலும் சரி. பதிவு இருந்தாலும் பள்ளிக்கு அனுப்புகிறார்களா, அம்மா எப்போது வந்து பார்க்கலாம், வீட்டுக்கு எப்போது திரும்பலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு எடுக்கட்டும்.

பையன் போலீசில் மாட்டிக்கொண்டால்

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவன் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிப் பிறப்புப் பத்திரத்தைக் காட்டுங்கள். பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். கைதானவருக்குத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம், அதாவது ஒய்பிஜிகே, இலவசமாக வழக்கறிஞர் தருகிறது, கேட்டு வாங்குங்கள். பிற்பாடு நன்னடத்தை அதிகாரி வீட்டையும் பள்ளியையும் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார், அந்த அறிக்கைக்கு நல்ல கனம் உண்டு. பள்ளி, டியூஷன், கால்பந்துக் குழு, கோயில் என்று அவனைத் தெரிந்தவர்கள் அவரிடம் உண்மையைப் பேச வேண்டும்.

குடிக்கும் போதைக்கும் அடிமையான அப்பாவை என்ன செய்வது என்று கேட்பார்கள். போதைப்பொருள் என்றால் ஏஏடிகே என்கிற தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் தானாகவே முன்வந்து சிகிச்சைக்குப் பதியலாம், அரசாங்க கிளினிக்குகள் சிலவற்றில் மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சையும் உண்டு. ஆனால் அவர் திருந்தும்வரை பிள்ளைகளின் காரியம் காத்திருக்கக் கூடாது. அம்மாவின் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, உதவித்தொகையை அதில் போடச் செய்யுங்கள்.

விடாமல் கேட்பது

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதி, எந்த அலுவலகம், கவுண்டரில் பேசியவர் பெயர், கொடுத்த பாரத்தின் எண், அடுத்து எப்போது வரச் சொன்னார்கள். பாரம் கொடுத்தால் முத்திரை குத்திய பிரதி கேளுங்கள். சில வாரங்களில் பதில் இல்லையென்றால் அந்த எண்ணோடு திரும்பப் போங்கள், மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் அந்த நோட்டின் பிரதியைக் கொடுங்கள். வாய்ச்சொல்லை விடத் தேதிபோட்ட விவரத்துக்கு அங்கே மரியாதை அதிகம்.

உதவித்தொகை வர ஆரம்பித்த பிறகும் கோப்பை மூடிவிடாதீர்கள். அது காலாகாலத்துக்கு மறுபரிசீலனைக்கு வரும், வருமானம், முகவரி, பிள்ளைகளின் பள்ளி விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் ஒரு மாதம் சத்தமில்லாமல் நின்றுபோகும். மறுபரிசீலனைத் தேதியை அந்த அம்மாவின் போனிலும் உங்கள் போனிலும் நினைவூட்டலாக வைத்துவிடுங்கள், ஜனவரியில் பள்ளித் தேவைகளும் சேர்ந்துகொள்ளும் என்பதால் டிசம்பரிலேயே ஒருமுறை வீட்டுக்குப் போய் கோப்பைத் திறந்து பாருங்கள்.